ஏகாம்பரம் மேஸ்திரி சாந்துக்கு நிறம் சேர்த்தது

செங்கல் சுவரில் நம் கண்ணுக்குத் தெரிவது செங்கல்தான் என்று மனித குலம் நெடுங்காலமாக நம்பி வருகிறது. மிகுந்த வருத்தத்தோடு இதை மறுக்க வேண்டியிருக்கிறது.

தெரிவது சாந்து.

அதே செங்கலை வைத்துக்கொண்டு இடையில் வைக்கும் சாந்தின் நிறத்தை மட்டும் மாற்றிப் பாருங்கள். வெள்ளைச் சாந்து வைத்தால் சுவர் கல்யாணத்துக்குக் கிளம்பியது போலிருக்கும். கரி கலந்தால் அதே சுவர் துக்கம் விசாரிக்கப் போகும். செங்கல் இரண்டுக்கும் வெறும் சாட்சி. இது தெரியாமல் சூளைக்காரரிடம் சண்டைக்குப் போனவர்கள் ஏராளம்.

ஏகாம்பரம் மேஸ்திரிக்கு இது தெரியும். அவர் குழப்பமே அதனால் வந்ததுதான்.

"அம்மா, நிறம் சேரமாட்டேங்குது" என்றார்.

"எதோட?" என்று கேட்டார் அம்மை.

"பழசோட."

"எந்தப் பழசோட?"

மேஸ்திரி கையில் ஒட்டியிருந்த சாந்தைத் தட்டிவிட்டார். பிறகு சுவரைப் பார்க்கப் போனார்.

அம்மை என்றால் குழலாம்பிகை அம்மை, பாலாற்றங்கரையில் இருந்த அந்த மடத்தின் தலைவி. மேஸ்திரியைவிட வயதில் மிகவும் சின்னவர். மேஸ்திரி அவரிடம் தீட்சை வாங்க வந்திருந்தார்.

சும்மா வரவில்லை. ஊரில் சித்தாள் முதல் சம்பந்தி வரை எல்லோரிடமும் விடைபெற்று, வழியனுப்பு விருந்தும் போட்டுவிட்டு வந்திருந்தார். தீட்சை இல்லாமல் திரும்பிப் போக வழியில்லை. விருந்து சாப்பிட்டவர்கள் எல்லோரும் நல்ல ஆரோக்கியத்தோடு இருந்தார்கள்.

வந்த அன்று அவர் கேட்டது இதுதான்:

"நான்ங்கிறது தொலையணும், அம்மா."

அம்மை வெளியே கை காட்டினார். மடத்துச் சுற்றுச்சுவரில் பெரிய ஓட்டை. விறகு கொண்டுவந்த லாரி பின்னால் வந்தபோது இடித்தது.

"அதை அடைங்க, மேஸ்திரி. யார் பாத்தாலும் எங்க அடைச்சதுன்னு தெரியக் கூடாது. தெரியாம அடைச்சிட்டா குருபூஜையன்னைக்கு தீட்சை."

மேஸ்திரிக்குச் சிரிப்பு வந்தது. காலமெல்லாம் சாந்து பூசும் கரணை பிடித்த கைக்கு இது ஒரு நிபந்தனையா?

உடைந்து விழுந்த செங்கல்களையே பொறுக்கி வைத்துக்கொண்டார். சுண்ணாம்பு, மணல், செங்கல் தூள் கலந்து, கொஞ்சம் காவிப்பொடி தூவிச் சாந்து குழைத்தார். ஈரச் சாந்து ஒரு நிறம், காய்ந்த சாந்து வேறு நிறம் என்பது தெரிந்தவர் ஆகையால், சின்னச் சின்ன வில்லைகளாகத் தட்டி வெயிலில் வைத்தார்.

சமையல்காரர் வேம்புலி வந்து பார்த்தார். அவர் பக்கத்திலேயே வடகம் பிழிந்து காயவைத்திருந்தார்.

"எது உன்னது, எது என்னதுன்னே தெரியல. பொரிச்சுப் பாத்துடலாமா?"

"போய் வேலையைப் பாருய்யா."

வில்லைகள் காய்ந்தன. ஒன்று வெளிறியது. ஒன்று சிவந்தது. ஒன்று பொருந்தியது. மகிழ்ச்சியோடு அதைச் சுவரின் இடப்பக்கம் வைத்துப் பார்த்தார். அச்சு அசல். வலப்பக்கம் வைத்துப் பார்த்தார். பொருந்தவில்லை.

அப்போதுதான் அம்மையிடம் போனார். "எந்தப் பழசோட?" என்ற கேள்வியோடு திரும்பி வந்தார்.

அந்தக் கேள்வியோடு பார்த்தபோதுதான் தெரிந்தது, பழைய சாந்து ஒரே நிறத்தில் இல்லை. சமையற்கட்டுப் பக்கம் புகையேறிக் கறுத்திருந்தது. வாய்க்கால் பக்கம் பாசி பிடித்திருந்தது. நடுவில் வெல்ல நிறம். அடியில் மழைத்தண்ணீர் தெறித்த செம்மண்.

மறுபடியும் போனார்.

"அம்மா, பழசு ஒரே நிறமா இல்லையே."

"எப்பப் பாத்தீங்க?"

"காலையில."

"சாயங்காலம் பாருங்க."

சாயங்காலம் பார்த்தார். காலையில் வெல்லமாக இருந்தது இப்போது துருவாக இருந்தது.

"அம்மா, இப்ப எல்லாமே வேற மாதிரி இருக்கு."

அம்மை எழுந்தார். குடத்தை எடுத்துக்கொண்டு போய்ச் சுவரின் மேல் ஊற்றினார். பழைய சாந்து, சுவரில் வைத்திருந்த புது வில்லை, செங்கல் எல்லாம் ஒரே கருஞ்சிவப்பாயின.

"இப்ப?"

"இப்ப எல்லாம் ஒண்ணாத்தான் இருக்கு."

"அப்ப சரி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

இந்த இடத்தில் விளக்கம் சொல்பவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிகிறார்கள். நீர் என்பது அருள் என்பார்கள் ஒரு கட்சியார். அன்று வெயில் அதிகம், சுவர் சுட்டது என்பார்கள் மற்றவர்கள். இரண்டாவது கட்சிக்கு ஆள் குறைவு.

மேஸ்திரி சுவர் காயும்வரை நின்று பார்த்தார். வேறுபாடுகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன.

"அம்மா ஊத்தினாங்களே, அதுக்கு என்ன அர்த்தம்?" என்று வேம்புலியைக் கேட்டார். வேம்புலி தீட்சை வாங்கியவர். கழுத்தில் உத்திராட்சம் இருந்தது.

"தெரியல."

"உனக்குமா தெரியல?"

"எனக்கு எப்பத் தெரிஞ்சது? அவங்க சொல்லும்போது தலையை மட்டும் ஆட்டிடுவேன்."

"ஆட்டினா?"

"தீட்சை கொடுத்துட்டாங்களே!"

மேஸ்திரிக்குத் தலையாட்ட வரவில்லை. வேலை செய்யத்தான் வந்தது.

மொத்தச் சுவருக்கும் ஒரு நிறம் தேடுவதை விட்டார். ஒவ்வொரு செங்கலுக்கும் பக்கத்தில் எந்தச் சாந்து இருக்கிறதோ அதற்கு மட்டும் கை அளவு குழைத்தார். சமையற்கட்டுப் பக்கம் கரித்தூள் ஒரு சிட்டிகை. வாய்க்கால் பக்கம் நெருங்க நெருங்கக் கரியைக் குறைத்து, அரைத்த பச்சைநிறக் களிமண். அடிவரிசையில் செம்மண். சாயம் மிஞ்சினால் சாந்து உதிரும் என்பதால் உப்புப் போடுவது போல் பார்த்துப் பார்த்துப் போட்டார். பிறகு ஈரச் சாக்கால் ஒற்றி விளிம்பை மங்கலாக்கினார்.

அவர் உதடு எப்போதும் ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தது. மந்திரம் என்று வேம்புலி நினைத்தார். கலவைக் கணக்கு.

கட்டி முடித்ததும், ஈரம் காயாமலிருக்கப் புதிய பகுதியின் மேல் நனைத்த சாக்கைத் தொங்கவிட்டார்.

அம்மை அந்த வழியாக வந்தார்.

"முழுச் சுவருக்கும் போடுங்க, மேஸ்திரி."

"பழசுக்கு எதுக்கும்மா?"

"புதுசுக்கு மட்டும் என்ன உசத்தி?"

மேஸ்திரி தலைசுற்றிப்போய் முழுச் சுவருக்கும் சாக்குப் போட்டார். தினமும் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை தண்ணீர் தெளித்தார்.

குருபூஜையன்று காலையில் சாக்குகளை எடுத்தார்கள். சுவரில் ஒரு கோடு இல்லை, ஒரு திட்டு இல்லை. லாரி என்று ஒன்று உலகில் பிறக்கவே பிறக்காதது போலிருந்தது.

மேஸ்திரி குளித்துவிட்டு ஈர வேட்டியோடு வந்து நின்றார்.

காஞ்சிபுரத்திலிருந்து வந்திருந்த ஜவுளிக்கடை முதலாளி சுவரைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அடேயப்பா! அந்தக் காலத்து வேலைன்னா வேலைதான். இப்ப இருக்கிற மேஸ்திரிங்களுக்கு இதெல்லாம் வருமா?"

"நான் கட்டினதுங்க" என்றார் ஏகாம்பரம்.

"எதை?"

"இதைத்தாங்க."

"மடத்துச் சுவரையா?"

"அதுல ஒரு பகுதியை."

"எந்தப் பகுதி?"

மேஸ்திரி கை காட்டினார்.

"அங்க இல்ல மேஸ்திரி, இன்னும் இந்தாண்ட" என்றார் வேம்புலி.

"அட, எனக்குத் தெரியாதா?" என்று சொல்லிவிட்டு, மேஸ்திரி கையைக் கொஞ்சம் நகர்த்தினார்.

முதலாளி அன்போடு தலையசைத்தார். "சரிங்க, சரிங்க. நீங்கதான் கட்டினீங்க."

அம்மை திருநீற்றுத் தட்டோடும் காவித்துண்டோடும் வந்தார். சுவரை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தார்.

"எங்க அடைச்சீங்கன்னு எனக்குத் தெரியல, மேஸ்திரி. நேரமாகுது. வந்து உக்காருங்க."

"இதோ வந்துட்டேம்மா. இவருக்கு மட்டும் காட்டிட்டு வந்துடறேன்."

கரணையை எடுத்துவந்து ஒரு இடுக்கில் சுரண்டினார். புதுச் சாந்தானால் உள்ளே மென்மையாக இருக்கும். கல் போல் இருந்தது. பழசு.

நான்கு செங்கல் தள்ளிச் சுரண்டினார். பழசு.

"நான் அப்பவே சொன்னேன், இந்தாண்ட" என்றார் வேம்புலி.

இந்தாண்டையும் சுரண்டினார்.

"கிடைச்சுதா?" என்று கேட்டார் அம்மை.

"கொஞ்சம் இருங்கம்மா. இங்கதான் எங்கயோ."

அம்மை இருந்தார். ராகுகாலம் பிறக்கும்வரை இருந்தார். பிறகு காவித்துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"கிடைச்சதும் சொல்லுங்க, மேஸ்திரி."

சுவரோரம், மேஸ்திரி சுரண்டிக்கொண்டிருந்த இடத்துக்குப் பக்கத்திலேயே பந்தி போட்டார்கள். பாயசத்தில் சிவப்பாக ஏதோ தூள் மிதக்கிறதே என்று ஒருவர் கேட்டார். குங்குமப்பூ என்றார் வேம்புலி.