செண்பகத்துக்குக் குளிருதா?

தவமணி அம்மாவுக்கு ஆசிரமம் கிடையாது. ஒரு கேரவன்தான் இருந்தது. யாரோ ஆசையாய் வாங்கி, ஓட்டிச் சலித்து, விட்டுப்போன வண்டி. படுக்கை, அடுப்பு, ஜன்னல் எல்லாம் அதற்குள்ளேயே. ஊர் ஊராகக் கொண்டுபோய் நிறுத்துவார். கேள்வி உள்ளவர்கள் தேடி வருவார்கள்.

அம்மாவுக்கு வயது நாற்பதைத் தாண்டி அதிகமில்லை. சீடர் அழகர்சாமிக்கு அறுபது கடந்துவிட்டது. சீடர் "அம்மா" என்பார். குரு "ஐயா" என்பார். பார்க்கிறவர்களுக்கு யார் குரு என்று குழம்பும்.

அந்த வருடம் அம்மா மலைமேல் இருக்கும் மன்னவனூரிலேயே ஒரு சின்ன வீடு பார்த்துத் தங்கிவிட முடிவு செய்தார். வண்டியை அழகர்சாமிக்குக் கொடுத்தார்.

காரணம் செண்பகம், அழகர்சாமியின் மனைவி. பக்கவாதத்தில் வலப்பக்கம் விழுந்துபோய், மேலூர் வீட்டில் மின்விசிறியைப் பார்த்தபடி கிடந்தாள். பேச்சில் ஒரே ஒரு சொல்தான் மிஞ்சியிருந்தது. "சரி." காபி வேணுமா என்றால் சரி. வேண்டாமா என்றாலும் சரி.

"படுத்த இடத்தை மாத்த என்னால ஆகாது. ஜன்னலுக்கு வெளிய இருக்கிற ஊரையாவது மாத்திக் காட்டுறேனேம்மா" என்றார் அழகர்சாமி.

"முதல்ல வண்டியைக் கத்துக்குங்க" என்றார் அம்மா.

மலையடிவாரத்து வத்தலக்குண்டு வெயிலில், ஒரு புளியமரத்தடியில் பாடம் ஆரம்பமானது. செண்பகம் பின்பக்கப் படுக்கையில் கிடந்தாள். ஜெனரேட்டரை ஓடவிட்ட பிறகே ஏசியைப் போட வேண்டும். ஏசிக் காற்று நேரே முகத்தில் அடிக்கக் கூடாது. இதெல்லாம் அழகர்சாமிக்குச் சட்டென்று பிடிபட்டது. ஃபிரிட்ஜில்தான் தடுக்கினார்.

"இது காஸ்ல ஓடும். பின்னால சின்னதா ஒரு தீ எரியும்."

"தீ எரிஞ்சா குளிருமா?"

"குளிரும். ஆனா வண்டி சமமா நிக்கணும். சாஞ்சு நின்னா கோவிச்சுக்கும்."

"எங்க சம்பந்தி மாதிரி."

படுக்கையில் செண்பகம் பாதி வாயால் சிரித்தாள். "சரி" என்றாள்.

அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் அழகர்சாமி அம்மாவின் பக்கம் நகர்ந்தார். குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"அம்மா, இவளுக்குக் குளிருதா வேர்க்குதான்னு நான் எப்படித் தெரிஞ்சுக்குவேன்? கேட்டா எல்லாத்துக்கும் சரிங்கிறா. ஏசியை எத்தனையில வைக்கட்டும், அதை மட்டும் சொல்லிடுங்க."

"மலைக்குப் போவோம்" என்றார் அம்மா.

கொண்டை ஊசி வளைவுகளில் ஏற ஏறக் காற்று மாறியது. ஏசியை நிறுத்தினார்கள். பாதி வழியில் வண்டியை ஓரங்கட்டி, அம்மா ஹீட்டரைப் பற்றவைக்கச் சொல்லித்தந்தார். பிறகு அடுப்புக்குக் கீழே தரையில் இருந்த ஒரு துளையைக் காட்டினார்.

"இதை அடைக்கவே கூடாது. காஸ் காத்தைவிட கனம். கசிஞ்சா தரையிலதான் தங்கும். இந்த வழியா வெளிய இறங்கிப் போயிடும். அடைச்சா உள்ளேயே நிக்கும். ஒரு பொறி போதும்."

"சரிங்கம்மா" என்றார் அழகர்சாமி.

"சரி" என்றாள் செண்பகம்.

மன்னவனூரில் வண்டி நின்றதும் ஏரிப் பக்கமிருந்து நான்கைந்து பேர் ஓடி வந்து எட்டிப் பார்த்தார்கள்.

"உள்ள எந்த நடிகை சார்?"

"எங்க வீட்டம்மாதான். இன்னைக்கு யாரையும் பார்க்க மாட்டாங்க, போங்க."

பொழுது சாய்ந்தது. அம்மா தன் வீட்டுக்குப் போய்விட்டார். அழகர்சாமி ஹீட்டரைக் கூட்டி வைத்தார். செண்பகம் இடக்காலால் போர்வையைத் தள்ளினாள். நடுங்குகிறாளோ என்று இழுத்துப் போர்த்திவிட்டார். அப்போது அவர் காலில் சில்லென்று காற்று பட்டது. குனிந்து பார்த்தார். அடுப்புக்கடியிலிருந்து வந்தது. தோளில் கிடந்த துண்டைச் சுருட்டி அங்கே திணித்தார்.

செண்பகம் இடக்கையைத் தூக்கி அந்த இடத்தைக் காட்டினாள்.

"இன்னும் வருதா? பொறு தாயி."

ஒரு பழைய சட்டையையும் எடுத்து அழுத்தித் திணித்தார்.

அவள் உள்ளங்கையால் படுக்கையை அடித்தாள். "சரி! சரி!"

"ஆமா, இப்போ சரியாயிடுச்சுல்ல" என்றார், நிம்மதியாக.

காலையில் இட்லிப் பாத்திரத்தோடு வந்த அம்மா வாசலிலேயே நின்றுவிட்டார். பாத்திரத்தைக் கீழே வைத்தார். குனிந்து துண்டை உருவினார். பிறகு சட்டையை உருவினார். இரண்டையும் அழகர்சாமியின் மடியில் வைத்தார்.

ஒன்றும் கசிந்திருக்கவில்லை. கசியாததில் அழகர்சாமியின் சாமர்த்தியம் எதுவும் இல்லை.

அவர் மடியில் கிடந்த துண்டைப் பார்த்தார்.

"நான் இவளைக் கொன்னிருப்பேன்மா."

அம்மா இட்லிப் பாத்திரத்தை எடுத்து உள்ளே வைத்தார்.

"காலையில சொன்னது சாயங்காலம் மறந்துபோற ஆளு நான். எனக்கெதுக்கு இந்த வேலை? வண்டியை நீங்களே வச்சுக்குங்க. ஊருக்கே கூட்டிட்டுப் போயிடுறேன்."

செண்பகம் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். வெளியே புல்மேட்டில் மூடுபனி விலகிக்கொண்டிருந்தது.

அம்மா கேட்டார்: "நீங்க அடைக்கிறப்போ அவங்க ஒண்ணும் சொல்லலையா?"

"என்னத்தைச் சொல்வா பாவம்? சரின்னா."

"அவ்வளவுதானா?"

"கையைக் காட்டினா. காத்து இன்னும் வருதுன்னு. நான் சட்டையையும் வச்சு அடைச்சேன். அப்புறம் படுக்கையை அடிச்சா. நான்..."

அழகர்சாமி நிறுத்திவிட்டார். மெதுவாக மனைவியின் பக்கம் திரும்பினார். அவள் இப்போது அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, நேத்து நீங்க அந்தத் துளையைப் பத்திச் சொன்னப்போ... இவ கேட்டுக்கிட்டா இருந்தா?"

"நான் கொஞ்சம் சத்தமாத்தான் சொன்னேன் ஐயா."

அழகர்சாமி எழுந்து போய்ப் படுக்கை ஓரத்தில் உட்கார்ந்தார். "செண்பகம்" என்றார். அவள் இடக்கையால் அவர் தலையில் ஒரு குட்டு வைத்தாள். வலிக்கும்படியாகவே வைத்தாள். பிறகு கையை எடுக்காமல் அங்கேயே வைத்திருந்தாள்.

அம்மா திருப்புளியை எடுத்தார். கதவோரச் சுவரில் ஹீட்டரைக் கூட்டிக் குறைக்கும் குமிழ் ஒன்று இருந்தது. அதைக் கழற்றினார். பின்னால் சுருண்டு கிடந்த வயரை இழுத்து, குமிழைப் படுக்கைக்குக் கொண்டுவந்து, செண்பகத்தின் இடக்கைக்கு எட்டுகிற பலகையில் பொருத்தினார்.

"இப்படித் திருப்பினா கூடும். இப்படித் திருப்பினா குறையும்" என்றார்.

செண்பகம் குமிழைத் தொட்டாள். ஒருமுறை புருஷனைப் பார்த்தாள். பிறகு குறைத்தாள். இன்னும் குறைத்தாள். ஹீட்டரின் இரைச்சல் நிற்கும் மட்டும் குறைத்தாள். காலால் போர்வையை உதைத்துத் தள்ளி, நீளமாக ஒரு மூச்சு விட்டாள்.

அழகர்சாமி அவள் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார். வேர்வையில் நனைந்திருந்தது.

"ராத்திரி பூரா வேர்த்துக்கிட்டாடி கிடந்த?"

"சரி" என்றாள் செண்பகம்.

வண்டிக்குள் குளிர் மெல்ல ஏறியது. அழகர்சாமி கையைக் கட்டிக்கொண்டு அம்மாவைப் பார்த்தார்.

"குமிழ் அவ கையில. துளையை அவ பார்த்துக்குவா. அப்போ நான் என்னதாம்மா செய்யணும்?"

அம்மா இட்லிப் பாத்திரத்தைத் திறந்து செண்பகத்தின் பக்கத்தில் வைத்தார்.

"நீங்க ஒரு ஸ்வெட்டர் வாங்கிக்குங்க ஐயா."