சிந்திய நெல்லுக்கு வந்த வழக்கு

எலியும் குருவியும் மனிதரோடு சரிக்குச் சரி உட்கார்ந்து ஊர்க்கதை பேசிய அந்தக் காலத்தில், தாமிரபரணிக் கரையில் உலகம்மாள் என்று வயலும் களமும் உள்ள ஒரு சம்சாரிப் பெண் இருந்தாள். அவள் புருஷன் பலவேசம். அறுவடை முடிந்து களத்தில் நெல் குவிந்துவிட்டால் அளக்கிற மரக்காலைக் கையில் எடுப்பவள் உலகம்மாள்தான். அறுத்தவர்களுக்குக் கூலி நெல் அளக்கும்போது மரக்காலின் விளிம்போடு நிறுத்துகிற வழக்கம் அவளிடம் கிடையாது. நெல் விளிம்பைத் தாண்டிக் கூம்பாக ஏற வேண்டும். ஏறி நாலு பக்கமும் சரசரவென்று சரிய வேண்டும். அப்போதுதான் அவளுக்கு அளந்த மாதிரி இருக்கும்.

சரிந்து விழுந்த நெல் சிட்டுக்குருவிக்கு. இப்படி யாரும் யாரோடும் பேசி வைத்துக்கொள்ளவில்லை. களத்தோரத்து வேப்பமரப் பொந்தில் கூடு கட்டியிருந்த குருவி, ஆட்கள் நகர்ந்ததும் இறங்கி வந்து பொறுக்கும், அவ்வளவுதான். அந்தக் காலத்துக் குருவி இப்போது போலத் தத்தாது. மைனாவைப் போல ஒரு காலை வைத்து மறு காலை எடுத்து, கல்யாண வீட்டுக்குள் நுழைகிற சம்பந்தியம்மா மாதிரி நிதானமாக நடக்கும். அந்த வருஷம் பொந்துக்குள் குஞ்சுகள் பொரிந்திருந்தன. கண் திறக்கும் முன்பே வாயைத் திறக்கக் கற்றுக்கொண்ட குஞ்சுகள். குருவி களத்துக்கும் பொந்துக்குமாகப் பறந்தபடியே இருந்தது.

இதையெல்லாம் வரப்பெலி ஒன்று பார்த்துக்கொண்டே இருந்தது. சிக்கனத்துக்கு அந்த ஊரில் அதுதான் பேர்போனது. வீட்டில் தானியம் தங்கவில்லை என்றால் ஜனங்கள் எலியிடம் போய் யோசனை கேட்பார்கள். சிரிக்காதீர்கள், இன்றைக்கும் நாம் இப்படிப்பட்ட ஆட்களிடம்தான் யோசனை கேட்கிறோம்.

"அண்ணாச்சி, குறை சொல்லுதேன்னு நெனைக்காதீரும்" என்று எலி ஒருநாள் பலவேசத்தை வரப்பில் மறித்தது. "ஒம்ம வீட்டம்மா அளக்கது அளவா வே? ஊதாரித்தனம்லா! மரக்காலுக்குள்ள போறதவிட மண்ணுல விழுததுதான் ஜாஸ்தி."

"அவ கை அப்படி. பொறந்த எடத்துப் பழக்கம்" என்றான் பலவேசம்.

"பழக்கம்னு விட்டீர்னா அடுத்த வருஷம் வெதைக்கு எங்க போவீரு? தலைதட்டி அளக்கச் சொல்லும். சிந்துனதக் கூட்டி அள்ளி எங்கிட்டத் தாரும். வெத நெல்லா பத்திரமா வச்சிருந்து தாரேன்."

பலவேசம் கெட்டவன் இல்லை. கொஞ்சம் பயந்தவன். விதை நெல் என்றதும் எலி சொன்னதை அப்படியே நம்பிவிட்டான். நேரே களத்துக்கு வந்து பொண்டாட்டியிடம் சொன்னான்: "ஏட்டி, இனிமே தலைதட்டித்தான் அளக்கணும்."

"நம்ம வயல்ல இடுப்பொடிய அறுத்தவுகளுக்கு நெறைய அளக்கது ஒங்களுக்கு ஊதாரித்தனமாத் தெரியுதா?" என்று உலகம்மாள் கேட்டாள்.

"அவுகளுக்குக் கொடுக்கதச் சொல்லலட்டி. கீழ விழுதுல்லா, அதச் சொல்லுதேன். அது வீண்தான?"

 வீண் இல்லை என்று உலகம்மாளுக்கு மனசுக்குள் தெரியும். வாயில் வரவில்லை. மரக்காலின் தலையை ஒரு குச்சியால் வழித்து வழித்து அளந்தாள். அறுப்புக்காரப் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு மடியில் வாங்கினார்கள். களத்தைக் கூட்டி அள்ளிய நெல் தினமும் எலியின் வளைக்குப் போயிற்று.

நாலைந்து நாள் புழு பூச்சி தேடிச் சமாளித்த குருவி மறுபடி இறங்கி வந்து பார்த்தால், களம் கழுவிக் கவிழ்த்த தட்டு மாதிரி இருந்தது. இங்கே நடந்தது, அங்கே நடந்தது, ஒரு மணி இல்லை. பொந்துக்குள்ளிருந்து குஞ்சுகளின் கத்தல் கேட்டது. பிள்ளைகள் பசியில் கத்தும்போது எந்தத் தாய்க்கு மரியாதையும் தயக்கமும் இருக்கும்? நேராகப் பலவேசத்தின் முன்னால் போய் நின்றது.

"அண்ணாச்சி, என் பங்கு எங்க?"

"ஒனக்கு ஏது பங்கு? அது சிந்துன நெல்லு."

"சிந்துனதுதான். வீணாப் போவலியே! என் பிள்ளைக வயித்துக்குலா போச்சு."

பக்கத்திலிருந்த எலி மீசை துடிக்கச் சிரித்தது. "கேட்டீரா அண்ணாச்சி? ஊதாரி வீட்டுல ஓசியில தின்னு பழகுன வாயி இப்படித்தான் பேசும்."

பலவேசத்துக்கு இரண்டு பக்கமும் நியாயமாகத்தான் பட்டது. "எது வீணு, எது வீணில்லன்னு எனக்குப் பிடிபடல" என்றான் குருவியிடம். "வாயால அளக்காத. கண்ணுக்குக் காட்டு. காட்டிட்டேன்னா ஒன் பங்கு ஒனக்கு. காட்ட முடியலன்னா வேற களம் பாத்துக்கோ."

இறகு முளைக்காத குஞ்சுகளை வைத்துக்கொண்டு வேறு களத்துக்கு எப்படிப் போவது? குருவி வரப்போரமாக யோசித்துக்கொண்டே நடந்தது. எலி வளைப் பக்கம் வந்தபோது குப்பென்று ஒரு புளித்த வாடை அடித்தது. நல்ல நெல் இருக்கிற இடத்தில் இப்படி ஒரு வாடை வருமா என்று நின்று யோசித்தது. பிறகு இறக்கையை ஒடுக்கிக்கொண்டு வளைக்குள் புகுந்துவிட்டது. பறக்கிற ஜாதி மண்ணுக்குள் போவதா என்று யாரும் தடுக்கவில்லை. தடுத்திருந்தாலும் அது கேட்டிருக்காது.

உள்ளே அறைக்குள் அறையாக நெல். களத்தில் கூட்டி அள்ளியதும் இருந்தது. வயலில் நின்றபோதே கடித்துத் திருடிய கதிர்களும் இருந்தன. ஈரம் ஏறி, முளை விட்டு, ஒன்றோடொன்று ஒட்டிக் கறுத்துப் பூசணம் பூத்துக் கிடந்தன. எலி அதில் மேலாகக் கொஞ்சம் கொறித்திருந்தது. மிச்சத்தை அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. குருவிக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. இதில் ஒரு பிடி இருந்தால் அதன் பிள்ளைகள் தூங்கியிருக்கும்.

"யாருளா அது என் வளைக்குள்ள?" என்று மறு வழியாக உள்ளறைக்கு வந்துவிட்ட எலியின் சீறல்.

பூசணம் பிடித்த கதிர் ஒன்றை எடுத்துக்கொண்டு ஓட வேண்டும். அலகில் கவ்வினால் கூப்பாடு போட முடியாது. கூப்பாடு போடாவிட்டால் வெளியில் போய்ச் சேருவதற்குள் எலி கழுத்தைப் பிடித்துவிடும். குருவி கதிரை இரண்டு கால்களுக்கும் நடுவில் இறுக்கிக்கொண்டது. இறக்கை விரிக்க இடமில்லை, சேர்ந்த கால்களால் நடக்க வழியில்லை. தத்தியது. தத்தித் தத்தி, "அண்ணாச்சி! யக்கா! எல்லாரும் வாங்க!" என்று கத்திக்கொண்டே ஏறியது. எலி பாய்ந்து பாய்ந்து வால் இறகைப் பிடுங்கியது. குருவி விடவில்லை.

வரப்பில் கஞ்சி குடித்துக்கொண்டிருந்த அறுப்புக்காரர்கள் அத்தனை பேரும் பார்க்க, வளைக்குள்ளிருந்து குருவி வெளியே வந்து விழுந்தது. காலுக்கு நடுவில் கறுத்த கதிர், பின்னாலேயே எலியின் மூக்கு.

பலவேசம் மண்வெட்டியை எடுத்தான். வெட்ட வெட்ட, அழுகிய நெல் வெயிலுக்கு வந்துகொண்டே இருந்தது. வாடை தாங்காமல் ஜனங்கள் மூக்கைப் பொத்தினார்கள். எலி எந்த வழியாக ஓடியதென்றே யாரும் பார்க்கவில்லை.

உலகம்மாள் அதில் ஒரு கை அள்ளினாள். விரலில் பிசினாக ஒட்டியது. அத்தனை நாளும் வாயில் வராத பதில் இப்போது வந்தது.

"பாத்துக்கிடுங்க. நான் சிந்துனதுல ஒரு மணி மண்ணுல கெடந்து அழுகுனதா? குருவி தின்னுச்சு, எறும்பு இழுத்துட்டுப் போச்சு. அதுக்குப் பேரு தாராளம். பத்திரமா இருக்கட்டும்னு நீங்க கொடுத்தீகளே, அதுலா இப்படிக் கெடக்கு! இதுக்குப் பேருதான் வீணு. இப்பச் சொல்லுங்க, நம்ம வீட்டுல ஊதாரி யாரு?"

பலவேசம் தலையைச் சொறிந்தான். "நாந்தாம்ட்டி" என்றான்.

களமே சிரித்தது. அவனும் சேர்ந்து சிரித்தான். தலைதட்டுகிற குச்சியை முழங்காலில் வைத்து முறித்து அடுப்புக்குப் போட்டவனும் அவன்தான். "பொலி! பொலி!" என்று நெல் பெருக வேண்டி எல்லோரும் குரல் கொடுக்க, உலகம்மாள் மறுபடி அளந்தாள். அன்றைக்கு ஏறிய கூம்பைப் போல அந்தக் களம் அதற்கு முன் கண்டதில்லை. குருவி நடுக்களத்தில் இறங்கியது. கால் இரண்டும் இன்னும் சேர்ந்தேதான் இருந்தன, பிரித்து வைக்க மறந்துபோயிருந்தது. தத்தித் தத்தி, யாரையும் பார்க்காமல், ராணி மாதிரி பொறுக்கியது. குஞ்சுகள் பொந்திலிருந்து எட்டிப் பார்த்து, இதுதான் நடை போலிருக்கிறது என்று அப்படியே கற்றுக்கொண்டன.

சாயங்காலம் உலகம்மாள் வயலில் மிச்சம் நின்ற நல்ல கதிர்களாகப் பார்த்து அறுத்தாள். கொத்தாகக் கட்டித் தன் வீட்டு வாசல் நிலைக்கு மேலே தொங்கவிட்டாள்.

"ஏளா குருவி" என்று கூப்பிட்டாள். "இனிமே களத்துல சிந்துறதுக்காகக் காத்துக் கெடக்காத. இது சிந்துனது இல்ல, ஒனக்குன்னு வச்சது. கேக்காம வா, கேக்காம தின்னு. பிள்ளைகளையும் கூட்டிட்டு வா."

அன்றைக்கு அவள் கட்டிய அந்தக் கொத்திலிருந்துதான் சம்சாரி வீட்டு வாசலில் நெற்கதிர் தொங்குவதும், காட்டுப் பறவைகளெல்லாம் வெளியே நிற்க, சிட்டுக்குருவி மட்டும் சொந்த வீடு மாதிரி உள்ளே வந்து உத்தரத்தில் கூடு கட்டுவதும்.