அனுபவமுள்ள மாப்பிள்ளை

முன்னொரு காலத்தில் ஒரு ராஜா இருந்தார். எந்த நாடு, என்ன வம்சம் என்றெல்லாம் என்னைக் குடையாதீர்கள். ராஜா என்றால் கோபம் இருக்கும், மந்திரி என்றால் ஒரு மச்சான் இருப்பான். இந்தக் கதைக்கு அது போதும்.

ராஜாவின் பெயர் கம்பீரவர்மர். ஒரு நாள் காலையில் அவர் கற்கண்டுப் பொங்கலை ஒரு வாய் அள்ளிப் போட்டார். போட்ட வேகத்திலேயே துப்பினார். கற்கண்டு இருக்க வேண்டிய இடத்தில் கல்லுப்பு! விசாரித்தால், பலவேசம் என்று ஒரு புதுச் சமையற்காரன். வேலைக்குச் சேர்ந்த மறுநாளே இந்தக் காரியத்தைச் செய்து வைத்திருக்கிறான். அவனைப் பிடித்து உதைத்து வெளியே தள்ளினார்கள். அத்தோடு விட்டிருக்கலாம். ராஜாவுக்கு ஆத்திரம் அடங்கவில்லை. வாய் கொப்பளித்த கையோடு சபையைக் கூட்டிவிட்டார்.

"இன்று முதல், ஒரு வேலையை முன்பே செய்து பழகியவன் தவிர வேறு எவனும் அரண்மனையில் எந்தப் பொறுப்பையும் ஏற்கக் கூடாது. அனுபவம் இல்லாதவன் கோட்டை வாசலையே தாண்டக் கூடாது. இது என் ஆணை" என்றார்.

இதைக் கேட்டு உள்ளுக்குள் குளிர்ந்து போனவர் பிரதான மந்திரி தண்டலைநாயகர். பெரிய ஏரிக்கு மடைக் கண்காணி வேலை காலியாக இருந்தது. எந்த வயலுக்கு எப்போது எவ்வளவு தண்ணீர் என்று பார்த்துத் திறந்துவிடும் பொறுப்பு அது. அதில் தன் மச்சான் ஏகப்பனை உட்கார்த்தி வைக்க மந்திரி நெடுநாளாகத் துடித்துக்கொண்டிருந்தார். படித்துவிட்டு வரும் இளைஞர்களை எப்படித் தடுப்பது என்று தெரியாமல் தவித்தவருக்கு, ராஜாவே கதவைச் சாத்திக் கொடுத்துவிட்டார்.

அது மட்டுமா? மந்திரிக்கு இன்னொரு தலைவலியும் உண்டு. அரசவை விகடகவி கூத்தபிரான். வாயைத் திறந்தால் மந்திரி மானம் கப்பலேறும். ஒரே கல்லில் இரண்டையும் முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்ட மந்திரி எழுந்து வணங்கினார்.

"மகாராஜா, இவ்வளவு முக்கியமான ஆணையைக் காவலர்களை நம்பி விடலாகாது. அறிவிற் சிறந்த கூத்தபிரானே வாசலில் நின்று சோதிக்கட்டும். அனுபவமற்ற ஒருவனை உள்ளே விட்டாலும் அவர் நாட்டைவிட்டு வெளியேற வேண்டும்."

"அப்படியே ஆகட்டும்" என்றார் ராஜா.

கூத்தபிரான் இளகின மனசுக்காரர், யாராவது ஒரு பையன் கண்ணைக் கசக்கினால் உள்ளே விட்டுவிடுவார், ஆளைக் கழித்துக் கட்டிவிடலாம் என்பது மந்திரியின் எண்ணம். கூத்தபிரானுக்கு அது புரியாமல் இல்லை. மறுபேச்சுப் பேசாமல் போய்க் கோட்டை வாசலில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

முதலில் வந்தவன் ஏகப்பன்தான். கூடவே மந்திரி.

"ஏரி வேலை பாத்த அனுபவம் உண்டாய்யா?" என்று கேட்டார் கூத்தபிரான்.

ஏகப்பன் மந்திரியின் முகத்தைப் பார்த்தான். "உண்டு. என் சொந்த ஊரில் ஏரியைக் கட்டி ஆண்டவன். நானே சாட்சி" என்றார் மந்திரி. சாட்சி சொல்பவர் பிரதான மந்திரி. என்ன செய்வது? ஏகப்பன் மீசையைத் தடவிக்கொண்டே உள்ளே போனான்.

அடுத்து வந்தவன் கரியமாணிக்கம். கல்விச்சாலையில் நீர்க்கணக்குப் படித்துத் தேறியவன். வெயிலில் நடந்து வந்ததில் முகம் கன்றிப்போயிருந்தது.

"என்ன வேலைக்கு வந்திருக்கே தம்பி?"

"எந்த வேலைன்னாலும் சரிங்கய்யா. எது குடுத்தாலும் செய்வேன்."

"எது குடுத்தாலுமா? பட்டத்து யானைக்கு நகம் வெட்டணும். வெட்டுறியா?"

கரியமாணிக்கம் முழித்தான்.

"எந்த வேலைன்னாலும் சரின்னு ஒரு வேலை எந்த அரண்மனையிலயும் கிடையாதுப்பா. உனக்கு என்ன வேணும்னு உனக்கே தெரியலைன்னா, குடுக்கிறவனுக்கு எப்படித் தெரியும்? சரி, அனுபவம் இருக்கா?"

அவ்வளவுதான், பையனுக்குப் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. "போற இடமெல்லாம் இதே கேள்விதானா? அனுபவம் இருந்தாத்தான் வேலைங்கிறீங்க. வேலை குடுத்தாத்தானேய்யா அனுபவம் வரும்? அதை எந்தச் சந்தையில விக்கிறாங்கன்னு சொல்லுங்க, போய் வாங்கிட்டு வர்றேன்! தைக்குள்ள வேலை கிடைக்கலைன்னா மாமா செக்குல எண்ணெய் அளக்கப் போகணும். இதுக்கா நான் இவ்வளவு படிச்சேன்?"

கூத்தபிரான் அவனையே பார்த்தார். இத்தனை பெரிய சபையில், இத்தனை பெரிய மனிதர்களில், ஒருவருக்கும் இதைக் கேட்கத் தோன்றவில்லையே என்று நினைத்துக்கொண்டார். தனக்கும் தோன்றவில்லை என்பதில் அவருக்குக் கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது.

"நல்லாக் கேட்டே போ. ஆனா இதை நீ சொன்னாலும் எடுபடாது, நான் சொன்னாலும் எடுபடாது. ராஜா வீட்டுக் காரியத்திலயே இது முட்டணும். அதை நான் பாத்துக்கிறேன். ஏரி வேலை ஒண்ணு இன்னும் காலியாத்தான் கிடக்கு, முன்னாடி உள்ள போனவனுக்கு ராஜா இன்னும் அதைக் குடுக்கலை. உன் படிப்புக்கு ஏத்தது அதுதான். இங்க நின்னு என்கிட்ட சண்டை போடுற நேரத்துல, போய் அந்த ஏரியையாவது ஒரு சுத்து சுத்திப் பாரேன். இளவரசி கல்யாணத்தன்னைக்கு இந்த வாசல்ல வந்து நில்லு."

"உள்ள விடுவீங்களா?"

"விட மாட்டேன். வந்து நில்லு."

கல்யாண நாளும் வந்தது. கம்பீரவர்மருக்கு இளவரசி ஒரே மகள். மாப்பிள்ளை, பக்கத்து நாட்டு இளவரசர் கீர்த்திவாகனர். மாப்பிள்ளை அழைப்புக்கு யானையென்ன, குதிரையென்ன, பன்னீர்ச் செம்பென்ன! மேளதாளத்தோடு ஊர்வலம் கோட்டை வாசலுக்கு வந்து சேர்ந்தது. கூத்தபிரான் முக்காலியை வாசலுக்கு நடுவே நகர்த்திப் போட்டு உட்கார்ந்தார். நாயனக்காரர் ஊதியதைப் பாதியில் நிறுத்திவிட்டார்.

"இளவரசே வணக்கம். எந்தப் பொறுப்புக்காக வந்திருக்கிறீர்கள்?"

"இதென்ன கேள்வி? நான் மணமகன்!"

"மகிழ்ச்சி. இதற்கு முன் எங்கேனும் கணவராக இருந்த அனுபவம் உண்டா?"

இளவரசர் முகம் சிவந்துவிட்டது. "என்ன உளறல் இது! எனக்கு இதுதான் முதல் திருமணம்!"

"அடடா. போகட்டும், மருமகனாக?"

"இல்லை!"

"அப்படியானால் உள்ளே விடுவதற்கில்லை. வேறெங்காவது சில காலம் பழகிவிட்டு வாருங்கள். அரச ஆணை."

மாப்பிள்ளையின் தகப்பனார் யானை மேலிருந்து உறுமினார். படைத்தலைவன் வாளில் கை வைத்தான். கல்யாணம் நடக்க வேண்டிய இடத்தில் போர் நடக்கும் போலிருந்தது. செய்தி கேட்ட கம்பீரவர்மர், போட்ட மாலையும் அவிழ்ந்த தலைப்பாகையுமாக, காலில் செருப்புக்கூட இல்லாமல் ஓடிவந்தார். பின்னாலேயே மந்திரியும், மந்திரி பின்னால் ஏகப்பனும்.

"கூத்தபிரானே! உமக்குப் பைத்தியமா? என் மருமகனையா மறித்தீர்?"

"மகாராஜா, இவருக்கு அனுபவம் இல்லை. இளவரசிக்குக் கணவர், தங்களுக்கு மருமகன், நாளை இந்த நாட்டுக்கே அரசர். மூன்றுமே அரண்மனைப் பொறுப்புகள். மூன்றிலும் இவர் புதியவர். உள்ளே விட்டால் நான் நாட்டைவிட்டுப் போக வேண்டும். ஆனாலும் தாங்கள் கலங்க வேண்டாம். அனுபவமுள்ள ஒருவரை நான் தேடிப் பிடித்து வைத்திருக்கிறேன்."

கையைத் தட்டினார். காவலர் கூடத்திலிருந்து கொண்டையப்பர் என்ற கிழவர் பட்டு வேட்டி தடுக்கத் தடுக்க வெளியே வந்தார். கழுத்தில் மாலை. வாயில் ஒரு பல் கிடையாது.

"இவர் இரண்டு மாமனார் வீடுகளில் மாப்பிள்ளையாக இருந்தவர். இரண்டு மனைவியரையும் கடைசிவரை வைத்துக் காப்பாற்றியவர். மாமியாரைச் சமாளிப்பதில் இவரை மிஞ்ச ஆளில்லை" என்றார் கூத்தபிரான்.

கிழவர் ராஜாவைப் பார்த்துக் கும்பிட்டார். "எனக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்லீங்க மாமா. சீர்வரிசையில முறுக்கு மட்டும் வேணாம். கடிக்க முடியாது."

மேல்மாடத்து ஜன்னலிலிருந்து இளவரசியின் குரல் வந்தது. "அப்பா! அந்த உப்புப் பொங்கலை நானே தின்றிருப்பேனே! இப்படி ஒரு ஆணை போடுவீர்களா?"

ராஜா மகளைப் பார்த்தார். கிழவரைப் பார்த்தார். இன்னும் வாளில் கை வைத்தபடி நிற்கும் படைத்தலைவனைப் பார்த்தார். பிறகு அவருக்கு வயிறு குலுங்கியது. அடக்கப் பார்த்தும் முடியாமல் விழுந்து விழுந்து சிரித்தார். யானை மேலிருந்த சம்பந்தியும் என்ன ஏது என்று கேட்டறிந்து சிரித்த பிறகுதான் நாயனக்காரருக்கு மூச்சு வந்தது.

"ஆணையை ரத்து செய்தேன்! மாப்பிள்ளை உள்ளே வரட்டும்!" என்றார் ராஜா. "கூத்தபிரானே, இந்த வழக்கை உமக்குச் சொல்லிக்கொடுத்தது யார்?"

கூத்தபிரான் வாசலோரம் நின்ற கரியமாணிக்கத்தைக் காட்டினார். "இவன்தான் மகாராஜா. ஏரி வேலைக்கு வந்தவன். நான் சொல்கிறேன் என்பதற்காக இவனுக்குக் கொடுக்க வேண்டாம். மந்திரியாரின் மச்சானும் இங்கேதான் நிற்கிறார். இருவரிடமும் ஒரே கேள்வியைக் கேளுங்கள். வேலை கிடைத்தால் முதலில் என்ன செய்வார்கள்?"

ராஜா ஏகப்பனைப் பார்த்தார். ஏகப்பன் தொண்டையைக் கனைத்துக்கொண்டான். "நல்ல நாள் பார்த்து, ஏரிக்கரையில் நான் உட்கார ஒரு மண்டபம் கட்டச் சொல்வேன் மகாராஜா."

மந்திரி கண்ணை மூடிக்கொண்டார்.

கரியமாணிக்கம் கும்பிட்டுவிட்டுப் பேசினான். "மகாராஜா, எனக்கு அனுபவம் கிடையாது. ஏரியைப் போய்ப் பார்த்தேன். வடக்கு மடைப் பலகை அடியில் இற்றுப்போய்விட்டது. மூடினாலும் தண்ணீர் கசிகிறது. அதனால்தான் கடைசி வயல்களுக்கு எட்டவில்லை. முதலில் அந்தப் பலகையை மாற்றுவேன். வெள்ளம் வந்தால் எந்த மடையை முதலில் திறப்பது என்று படித்திருக்கிறேன், செய்ததில்லை. அதை அங்கே இருக்கிற மடைக்காரர்களிடம் கேட்டுத்தான் செய்வேன்."

"தெரியாததைத் தெரியாது என்று என்னிடமே சொல்கிறாயே, பயமில்லையா?"

"பயமாகத்தான் இருக்கிறது மகாராஜா. ஏரி உடைந்த பிறகு சொல்ல அதைவிடப் பயம்."

ராஜா அந்த இடத்திலேயே தன் விரலில் இருந்த முத்திரை மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்து அவனுக்கு வேலையை உறுதி செய்தார். பையன் கண் கலங்கிவிட்டது, பாவம். மந்திரியை ஒரு பார்வை பார்த்தார் ராஜா. மந்திரி தன் மச்சானை எங்கோ பார்க்கச் சொல்லிவிட்டுத் தானும் அங்கேயே பார்த்தார்.

பிறகு ராஜா தன் முத்துமாலையைக் கழற்றிக் கூத்தபிரான் கழுத்தில் போட்டார். "இன்னும் ஏதேனும் வேண்டுமா?"

"ஒரே ஒரு விண்ணப்பம் மகாராஜா. கல்யாண விருந்துக்குக் கற்கண்டுப் பொங்கல் செய்யப் பலவேசத்தைத் திரும்ப அழைத்துக்கொள்ள வேண்டும்."

"என்ன! அந்த உப்புக்காரனையா?"

"ஆம் பிரபு. தாங்கள்தானே அனுபவசாலி வேண்டும் என்றீர்கள்? கல்லுப்பைக் கற்கண்டு என்று போட்டு, அதற்காக உதையும் வாங்கிய அனுபவம் இந்த நாட்டிலேயே அவன் ஒருவனுக்குத்தான் இருக்கிறது. மற்ற சமையற்காரர்கள் எல்லாரும் அந்தத் தவறை இனிமேல்தான் செய்து பழக வேண்டும்."

ராஜாவுக்கு மறுபடியும் சிரிப்புப் பொங்கிவிட்டது. சிரித்துக்கொண்டே ஆள் அனுப்பினார். அன்றைய விருந்தில் பலவேசம் ஒவ்வொரு கற்கண்டையும் நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் பானையில் போட்டானாம். பந்தி கொஞ்சம் தாமதமாயிற்று. பொங்கல் அமிர்தமாக இருந்தது. எல்லாரையும்விட அதிகமாகக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டவர் கொண்டையப்பர். அதைத் தின்னப் பல் வேண்டியதில்லை அல்லவா?