அஞ்சு பொட்டுச் சிமெண்டு

“கண்ணை மூடினாப் போதும் அம்மா, உள்ளே ஒரே இரைச்சல். ஜபம் ஓட மாட்டேங்கு.”

“எத்தனை நாளா?”

“நாப்பது நாள் இருக்கும்.”

“அதுக்கு முன்னாடி?”

“ஓடுச்சு.”

மரகதம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். ஆற்றங்கரையில் நோயாளிகளை வைத்துப் பார்க்கிற அந்தச் சின்ன மடம் அவர் பொறுப்பில் இருக்கிறது. வயது நாற்பத்தைந்து. அவர் முன்னால் கைகட்டி நிற்கிற சீடர் குற்றாலிங்கத்துக்கு அறுபத்து மூன்று. முப்பது வருஷம் டைல்ஸ் ஒட்டுகிற கான்ட்ராக்ட் எடுத்தவர். வயசு குறைந்தவரிடம் போய் நிற்கிறாரே என்று ஊரில் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

“குளியலறைச் சுவர் என்னாச்சு அண்ணாச்சி?” என்றார் அம்மா.

நான் ஜபத்தைக் கேட்டால் இவர் சுவரைக் கேட்கிறாரே என்று குற்றாலிங்கத்துக்குச் சுருக்கென்றது.

“மொத்தமா உடைச்சிட்டுப் புதுசா ஒட்டணும். நாப்பதாயிரம் ஆகும்.”

“மடத்துல நாலாயிரம் இருக்கு.”

“அதுக்குச் சிமெண்டும் மணலும்தான் வரும். டைல்ஸுக்கு எங்க போக?”

“பழசையே கழுவி ஒட்டுங்க. ஒடைஞ்சதுக்குப் பதிலா, கதவுக்குப் பின்னால இருக்கிறதைப் பேத்து வச்சுக்கிடுங்க. அங்க தண்ணி படாது, சுண்ணாம்பு அடிச்சாப் போதும்.”

“எது நிக்கும், எது விழும்னு தெரியாம எப்படி…”

“தட்டிப் பாருங்க. பிடிச்சு நிக்கிறதை உடைக்க வேண்டாம். விட்டுப் போனதை மட்டும் எடுங்க.”

அவ்வளவுதான். அம்மா கீரைக்குத் திரும்பிவிட்டார்.

நாற்பது நாளைக்கு முன்னால் நடந்தது இது.

நல்லதாய் சந்தையில் மண்பானை விற்றுப் பிழைத்தவள். பக்கவாதத்தில் ஒரு கால் இழுத்துக்கொண்டது. பார்க்க ஆளில்லாமல் மடத்துக்கு வந்தாள். ஒருநாள் காலையில் குளித்துவிட்டு எழும்போது சுவரில் கை ஊன்றினாள். ஏழு டைல்ஸ் அப்படியே பெயர்ந்து வந்தன. அவளும் விழுந்தாள். இடுப்பெலும்பு போயிற்று.

சேதம் பார்க்க வந்த குற்றாலிங்கம், எல்லார் காதிலும் விழ ஒரு வார்த்தை சொன்னார்.

“மொத்தப் பாரத்தையும் போட்டு இழுத்தா எந்தச் சுவர் தாங்கும்?”

நல்லதாய் காதிலும் அது விழுந்தது.

அன்றிலிருந்து அவள் அரை வயிறுதான் சாப்பிடுகிறாள். சோறு கொண்டு போகிறவர்களிடம், “தர்மச் சுவரை இடிச்ச முண்டைக்கு முழுச் சோறு எதுக்குத் தாயி?” என்கிறாள். எத்தனை சொல்லியும் கேட்கவில்லை. ஆள் பாதியாகிவிட்டாள். இப்படியே போனால் ஐப்பசி தாண்ட மாட்டாள் என்று வைத்தியர் சொல்லிவிட்டார்.

குளியலறைக்கு அடுத்த அறையில், அதே சுவரை ஒட்டித்தான் அவள் கட்டில் கிடக்கிறது.

அம்மா தட்டிப் பார்க்கச் சொன்னதற்கு மறுநாள் காலை குற்றாலிங்கம் சாந்துக் கரண்டியோடு குளியலறைக்கு வந்தார். அம்மா சாக்பீஸோடு நின்றார்.

“நீங்க தட்டுங்க. விட்டதுல நான் குறி போடுதேன்.”

விழுந்த இடத்துக்குப் பக்கத்தில் கரண்டியின் பிடியால் தட்டினார். டொப் என்றது.

“இது பின்னால காலி. விழுந்த அதிர்ச்சியில விட்டிருக்கும்.”

அம்மா குறி போட்டார்.

அதற்கு மேலே தட்டினார். டொப்.

“இதுவும் அதிர்ச்சிதான்.”

அம்மா குறி போட்டார்.

அறையின் அந்தக் கோடிக்குப் போனார். லேசாகத் தட்டினார், பட்டும் படாமலும்.

“இது நல்லா இருக்கு.”

சாக்பீஸ் அசையவில்லை.

அப்போது சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது.

“அண்ணாச்சி, அது காலியில்லா?”

குற்றாலிங்கம் கையை எடுத்துவிட்டார்.

“நாப்பது வருஷம் பானையைத் தட்டித் தட்டி வித்தவ நான். என் காது பொய் சொல்லாது. இன்னொருக்கத் தட்டுங்க.”

தட்டினார்.

“காலிதான். பக்கத்துல?”

தட்டினார்.

“அதுவும் காலி. அதுக்குக் கீழ?”

கீழே தட்டினார். நாற்பது நாளில் நல்லதாய் இத்தனை பேச்சு பேசியதே இல்லை.

“அண்ணாச்சி.”

“என்ன தாயி?”

“நான் அந்தக் கோடிக்கு வந்ததே இல்லையே. அது எப்படி விட்டுச்சு?”

குற்றாலிங்கம் அம்மாவைப் பார்த்தார்.

“என்னைக் கேக்கலை” என்றார் அம்மா. “உங்களைக் கேக்கா.”

சாக்பீஸை ஜன்னலில் வைத்துவிட்டு வெளியே போய்விட்டார்.

குற்றாலிங்கம் உளியை எடுத்தார். அந்தக் கோடி டைல்ஸின் விளிம்பில் வைத்து ஒரு தட்டு. ஒரு தட்டுத்தான், கையோடு வந்துவிட்டது. திருப்பிப் பார்த்தார். பார்க்கவே வேண்டாம், அவருக்குத் தெரியும்.

அதை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போனார். நல்லதாயின் கட்டிலருகே தரையில் உட்கார்ந்தார். டைல்ஸைக் கவிழ்த்து அவள் மடியில் வைத்தார்.

“இந்தக் குளியலறை பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால கட்டினது. ஒட்டினது நான்தான்.”

நல்லதாய் விரலால் தடவினாள்.

“மூலைக்கு ஒண்ணு, நடுவுல ஒண்ணு. அஞ்சு பொட்டு.”

“முதுகு முழுக்கத் தடவணும். அஞ்சு பொட்டு வச்சு ஒட்டிட்டு, மிச்சச் சிமெண்டை வேற வீட்டு வேலைக்குக் கொண்டுபோயிட்டேன்.”

“அன்னைக்கு என் பாரம்னு சொன்னீங்களே.”

“சொன்னேன். தெரிஞ்சேதான் சொன்னேன்.”

“அப்போ நான் இடிக்கலையா?”

“நீங்க இடிக்கலை. ஒரு சின்னப் பிள்ளை கை வச்சிருந்தாலும் விழுந்திருக்கும்.”

நல்லதாய் முகம் கோணிற்று. அழுகிறாள் என்று நினைத்தார். அழவில்லை.

“அட பாவி மனுஷா! நீ நல்லா இருப்பியா? சாமி கும்பிட வந்தவன் செய்யுற வேலையா இது? என்னை நானே வையாத வசவில்லையே! நாப்பது நாளா ஒரு வாய் சோறு இறங்கலையே எனக்கு!”

குற்றாலிங்கம் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். எழுந்து போகவும் இல்லை, கைகூப்பவும் இல்லை. அவள் மூச்சு வாங்கும்வரை வைதாள். மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி வைதாள்.

கடைசியில் டைல்ஸை அவர் கையில் கொடுத்தாள்.

“போ. போய் ஒழுங்கா ஒட்டு.”

வாசல் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள்.

“தாயி, பசிக்கு.”

குறி போட்ட டைல்ஸை எல்லாம் குற்றாலிங்கம் ஒவ்வொன்றாகப் பெயர்த்தார். குறி போடாததையும் தட்டி, காலியாக ஒலித்ததைப் பெயர்த்தார். முதுகைச் சுரண்டித் தண்ணீரில் ஊறப்போட்டார். ஈரம் வாங்கியிருந்த சுவரை நாலு நாள் காயவிட்டார். பிறகு ஒவ்வொன்றின் முதுகிலும் ஓரம்வரை சிமெண்டு தடவி ஒட்டினார். இடையில் ஒரு தடவைகூட அம்மாவிடம் ஜபத்தைப் பற்றிக் கேட்கவில்லை.

ஒட்டி முடித்து இரண்டு நாள் கழித்து, மத்தியானம், சுவர் முன்னால் வந்து நின்றார். கரண்டிப் பிடியால் முதல் டைல்ஸைத் தட்டினார்.

காத்திருந்தார்.

அந்தப் பக்கமிருந்து, வாய் நிறையச் சோற்றோடு குரல் வந்தது.

“ம். அடுத்தது.”