பதினைந்து மில்லிமீட்டர்

பொங்கலுக்கு முந்தின வாரம் கல்லூரிப் பிள்ளைகளுக்கு வருகிற அவசரம் இருக்கிறதே, அப்பப்பா! ஆள் வகுப்பில் இருப்பான், மனசு பஸ் ஸ்டாண்டில் நிற்கும். சிவில் மூன்றாம் ஆண்டுக்காரர்களுக்கோ அந்த வாரம்தான் சர்வே கேம்ப். நாலு நாள் வெயிலில் அளந்து, கணக்கைக் கொடுத்துவிட்டுத்தான் ஊருக்குக் கிளம்ப முடியும்.

ஒருநாள் முன்னதாக விடச் சொல்லி எல்லாரும் எமிமா மேடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். கேம்ப்புக்கும் அவர்தான் பொறுப்பு, ஹாஸ்டலுக்கும் அவர்தான். பேச்சிமுத்து மட்டும் வேறு ஒரு தாளோடு வந்து நின்றான்.

"லீவுல ஹாஸ்டல்லயே இருந்துக்கிறேன் மேடம். ஒரு கையெழுத்து வேணும்."

"பொங்கலுக்கா? ஏன்?"

"வேலை நிறைய பாக்கி இருக்கு மேடம்."

பச்சைப் பொய். அவன் அம்மாவிடமும் முந்தின நாள் இதே மாதிரி ஒன்றைத்தான் சொல்லியிருந்தான். அப்பா இறந்து மூன்று மாதம் ஆகிறது. "இந்த வருசம் நம்ம வீட்டுல பொங்கல் கிடையாதுய்யா. பானை வைக்க மாட்டேன், கோலம் போட மாட்டேன். நீ சும்மா வந்து எங்கூட உக்காந்திரு, போதும்" என்று போனில் கேட்டாள் அவள். கேம்ப் லீவிலும் நடக்கும் என்று சொல்லிவிட்டு போனை வைத்துவிட்டான்.

மேடம் மேசையிலிருந்து அவன் அளவு எழுதிய ஃபீல்டு புக்கை எடுத்தார்.

"காலையிலேயே முடிச்சுக் கொடுத்துட்டியே. பிசகு ஒண்ணும் இல்ல போலிருக்கு?"

"ஜீரோ மேடம்."

பம்ப் ஹவுஸ் படியில் தொடங்கி, கண்மாய் மடை வரைக்கும் இடத்துக்கு இடம் உயரம் அளந்துகொண்டே போக வேண்டும். பிறகு மடையிலிருந்து அளந்துகொண்டே திரும்ப வேண்டும். கடைசியில் அதே படியின் உயரம் எவ்வளவு வருகிறது என்று பார்த்தால், வழியில் எவ்வளவு பிசகியது என்று தெரிந்துவிடும். எப்பேர்ப்பட்ட கெட்டிக்காரன் அளந்தாலும் கொஞ்சம் பிசகும்.

"பெரிய கில்லாடிதான். மடையிலிருந்து திரும்பி வந்தியா?"

பேச்சிமுத்து செருப்பையே பார்த்தான்.

"இல்ல மேடம். பசங்களுக்குப் பசி. நான்தான் மரத்தடியில உட்கார்ந்து எழுதிட்டேன்."

கிழித்துத் தொங்கவிடப் போகிறார் என்று நினைத்தான். அவரோ அளவுகோலைத் தோளில் சாத்திக்கொண்டார்.

"கருவியை எடு. திரும்பி வருவோம்."

சித்திரை வெயில் தோற்றுவிடும், தை பிறக்கப் போகிற வெயிலா அது! மேடம் கோலைப் பிடித்து நிற்க, பேச்சிமுத்து கருவியில் பார்த்துப் பார்த்து எழுதினான். மடையிலிருந்து படிக்கு வந்து சேர இரண்டு மணி நேரம் ஆயிற்று. படியில் உட்கார்ந்து கணக்குப் போட்டான்.

"பதினஞ்சு மில்லிமீட்டர் பிசகுது மேடம்."

"இது நிஜம். சரி, அதை விடு. வீட்டுக்கு ஏன் போக மாட்டேங்கிற?"

அவன் கருவியைத் துடைக்கத் தொடங்கினான். மேடம் விடவில்லை, பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார்.

"ஆயுத பூஜை லீவுக்கு அப்பா வரச் சொன்னாங்க மேடம். உடம்பு ஒரு மாதிரியா இருக்கு, வந்துட்டுப் போன்னு. அசைன்மென்ட் இருக்குன்னு சொன்னேன். சொல்லிட்டு பசங்களோட குத்தாலத்துக்குப் போயிட்டேன். மறுநாள் அருவியில நிக்கும்போது வீட்டுலருந்து போன் வந்துச்சு, அப்பா..."

அதற்கு மேல் வரவில்லை. அழுதான். வளர்ந்த பிள்ளை அழுவதைப் பார்க்கச் சகிக்காமல் மேடம் கண்மாய்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது. எழவு வீட்டுல ஒரு சித்தப்பா கேட்டாரு, அப்பன் கூப்பிட்டும் ஏன் வரலன்னு. எம்பிள்ளை படிப்பு வேலையில இருந்தான், அவனை ஒண்ணும் சொல்லாதீங்கன்னு அம்மா சண்டைக்கே போயிட்டாங்க. பதினாறு முடிஞ்சதும் ஓடியாந்துட்டேன். அந்த முகத்தைப் பார்த்தா உண்மையைச் சொல்லிருவேன் மேடம். சொல்லாம இருந்தா நெஞ்சு வெடிச்சிரும்."

மேடம் ஃபீல்டு புக்கை அவன் மடியில் வைத்தார்.

"இந்தப் பதினஞ்சை இப்போ என்ன பண்ணணும்?"

"அளந்த எல்லா இடத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமாப் பிரிச்சுப் போடணும் மேடம்."

"எதுக்கு அவ்வளவு பாடு? கடைசி இடத்து மேலயே மொத்தத்தையும் ஏத்திட்டா?"

"அந்த ஒரு இடம் மட்டும் கெட்டுப் போயிரும் மேடம்."

சொன்ன பிறகு அவனே கொஞ்ச நேரம் அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தான். மூக்கைச் சட்டைக் கையில் துடைத்துக்கொண்டான்.

"அம்மா தாங்குவாங்களா மேடம்?"

"மூணு மாசமா நீ இங்க ஒத்தையாச் சுமக்குற. அவங்க அங்க ஒத்தையாச் சுமக்குறாங்க. வீட்டுல நீயும் அம்மாவுமா ரெண்டு பேர் இருக்கீங்கல்லப்பா, பிரிச்சுக்கோங்க."