குளத்தைப் பார்த்த வாசல்

குளத்தங்கரைக் கருவேலங்காட்டில் இழையாள் என்ற தேன்சிட்டு இருந்தாள். அவள் புருஷன் நீலமணி வெயில் பட்டால் மினுமினுவென்று இருப்பான். இழையாளோ வெறும் மண் நிறம். ஆனால் கூடு கட்டுவது அவள்தான். சிலந்தி நூலெடுத்து, சருகு கோத்து, உள்ளே பஞ்சு வைத்து, வாசலுக்கு மேல் சாரல் அடிக்காதபடி ஒரு சின்னக் கூரையும் நீட்டிவிடுவாள். அதுவரை நீலமணி பக்கத்துக் கிளையில் உட்கார்ந்து இறகு கோதிக்கொண்டிருப்பான்.

அந்தக் காட்டில் ஒரு வழக்கம். கூடு முடிந்ததும் ஆண் உச்சிக் கிளையில் ஏறி, "கட்டினேன், கட்டினேன்" என்று பாட வேண்டும். பாடியவன் பெயரில்தான் வீடு. நீலமணி பொய்யன் இல்லை. அவன் அப்பன் பாடியதை அவனும் பாடினான், அவ்வளவுதான். இழையாளும் முதல் இரண்டு வருஷம் அதைக் கேட்டுச் சிரித்தாள். மூன்றாம் வருஷம் அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த வருஷக் கோடைமழையில், தரையில் முட்டையிடும் ஆட்காட்டிக் குருவியின் முட்டைகளை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. அடுத்த தடவை அவளுக்கு இரண்டே குஞ்சுகள் பொரிந்தன. காட்டின் தலைவரான மயிலுக்கு மனம் கேட்கவில்லை.

"ஐப்பசி மழைக்குள்ள மேட்டுல ஒரு பொது வீடு கட்டணும். தரையில கெடக்குற குஞ்சுங்க அதுல ஒதுங்கட்டும். வீடு கட்டிப் பேர் வாங்கினவங்க எல்லாரும் வாங்க" என்றார் மயிலார்.

பேர் வாங்கினவர்கள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தார்கள். ஒருத்தி கூடப் பெண் இல்லை. பெண்களுக்கு நார் சுமக்கிற வேலை கிடைத்தது.

"வாசலைக் குளத்தைப் பார்த்து வைப்போம். அங்க நின்னு பாடினா அக்கரை வரைக்கும் கேக்கும்" என்றான் நீலமணி. மற்றவர்களுக்கும் அது ரொம்பப் பிடித்துப்போனது.

நார் சுமந்து வந்த இழையாளுக்குப் பகீரென்றது. குளம் இருப்பது வடகிழக்கில். ஐப்பசி மழை வருவதும் அங்கிருந்துதான்.

"ஐயா, அந்தப் பக்கம் வாசல் வச்சா சாரல் நேரா உள்ள வரும்" என்றாள் மயிலாரிடம்.

"நீ எத்தனை வீடும்மா கட்டியிருக்கே?"

"மூணு வருஷத்துல ஏழு."

"உன் பேர்ல ஒண்ணு கூட இல்லையே" என்றார் மயிலார். அவர் கேலி செய்யவில்லை. நிஜமாகவே அவருக்குத் தெரியாது.

இழையாள் புருஷனைப் பார்த்தாள். அவன் மும்முரமாக இறகு கோதினான்.

நேரே தையல்சிட்டு ஊசிமூக்கியிடம் போய் நடந்ததைச் சொன்னாள். "எங்க வீட்லயும் இதே கதைதான். என் ஒருத்திக்குத்தான் இப்படின்னு நெனச்சேன்" என்றாள் ஊசிமூக்கி. மண்வீடு கட்டும் குளவி மண்ணாத்தா அதைக் கேட்டுக்கொண்டே வந்தாள். "என் வீட்டுக்காரருக்குப் பாட்டுகூட வராது. ரீங்காரம் போட்டே பேர் வாங்கிட்டாரு" என்றாள்.

மறுநாள் விடிந்ததும் கூடு கட்டுகிற பெண்கள் இருபது பேர் ஒரு கிளையில் கூடிவிட்டார்கள்.

"பேசாம இருப்போம். மழை வந்து அந்த வீடு நிரம்பட்டும். அப்ப தெரியும் நம்ம அருமை" என்றாள் மண்ணாத்தா.

அந்த யோசனை இழையாளுக்கும் இனிக்கத்தான் செய்தது. ஒரு கணம் மயிலார் முகம் சுருங்குவதைக்கூட நினைத்துப் பார்த்தாள். பிறகு ஆட்காட்டியின் இரண்டு குஞ்சுகள் நினைவுக்கு வந்தன.

"வேணாம்க்கா. குஞ்சுங்க நனைஞ்சு நமக்குப் பேர் வர வேணாம். மேட்டுக்கு அந்தப் பக்கம் நாமளே ஒண்ணு கட்டுவோம்."

"கட்டிட்டா மட்டும்? அதுக்கும் எவனாவது ஏறிப் பாடுவான்" என்றாள் மண்ணாத்தா.

"பாடுறதுக்கு முன்னாடி நாம சொல்லிடணும்."

"தன் பேரைத் தானே சொல்லிக்கக் கூச்சமா இருக்காதா?" என்றாள் ஊசிமூக்கி.

இழையாள் யோசித்தாள். "அப்போ நான் உன் பேரைச் சொல்றேன். நீ அக்கா பேரைச் சொல்லு."

அன்றிலிருந்து பத்து நாள். மண்ணாத்தா கூட்டம் ஈரமண் உருட்டி அடித்தளம் போட்டது. ஊசிமூக்கி தேக்கிலைகளைச் சேர்த்துத் தைத்துச் சுவர் எழுப்பினாள். இழையாள் தென்மேற்கில் வாசல் வைத்து, கூரையை நீட்டி இறக்கினாள். காட்டில் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. எல்லாரும் பொது வீட்டை முடித்துவிட்டு, அதன் திறப்புவிழாப் பாட்டுக்கு ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பாட்டு பிரமாதமாகத்தான் இருந்தது. அது முடிவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. ஆட்காட்டி குஞ்சுகளை அந்த வீட்டுக்குள் கொண்டுபோனாள். காற்று திரும்பியது. குளத்தைப் பார்த்த வாசல் வழியாகச் சாரல் வாரி இறைத்தது. தரையில் தண்ணீர் ஏறிக் குஞ்சுகளின் வயிற்றைத் தொட்டது. ஆட்காட்டி அலறினாள்.

"இந்தப் பக்கம் வா தாயி!" என்று மேட்டின் மறுபுறமிருந்து இழையாள் கூப்பிட்டாள்.

ஆட்காட்டி ஒரு குஞ்சைத் தள்ளிக்கொண்டும் இன்னொன்றை இறக்கைக்குள் இடுக்கிக்கொண்டும் ஓடினாள். உள்ளே போனதும் முதலில் தரையைத் தொட்டுப் பார்த்தாள். காய்ந்திருந்தது.

மழை விட்டதும் மயிலார் நனைந்த தோகையை இழுத்துக்கொண்டு வந்தார். "இது யார் வீடு?"

பழக்க தோஷம், நீலமணி உச்சிக் கிளைக்குப் பறந்து வாயைத் திறந்தான். கீழே குஞ்சுகள் தெரிந்தன. வாயை மூடிக்கொண்டான்.

"அடித்தளம் மண்ணாத்தா போட்டது" என்றாள் ஊசிமூக்கி.

"சுவர் ஊசிமூக்கி தைச்சது" என்றாள் இழையாள்.

"வாசலை இந்தப் பக்கம் வைக்கச் சொன்னது?"

மண்ணாத்தா பதில் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் மேலேயிருந்து குரல் வந்தது.

"இழையாள்" என்றான் நீலமணி. "என் பேர்ல இருக்கிற ஏழு வீட்டையும் கட்டினது அவதான் ஐயா."

மயிலார் அந்த வீட்டை ஒரு சுற்றுச் சுற்றிவந்து பார்த்தார். பிறகு, அடுத்த பொது வீட்டுக்கு எந்த இடம் நல்லது என்று இழையாளிடம் கேட்டார்.

கட்டியவர் பெயரை மறைக்கும் ஊர் அவர் அறிவையும் இழந்துவிடும். கட்டியவர்கள் ஒன்றுகூடி ஒருவர் பெயரை ஒருவர் சொன்னால் ஊரே நனையாமல் பிழைக்கும்.