கிளுவை வேலி

"பறவை வரணும். பாம்பு வரக்கூடாது. அதுக்கொரு வழி சொல்லுங்க," என்றார் ஆறுச்சாமி.

வீரமாத்தி ஆட்டுக்குட்டியின் குளம்பிடுக்கில் ஏறியிருந்த முள்ளைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். பிடுங்கி முடித்துக் குட்டியை விட்டுவிட்டுப் புடவையில் கையைத் துடைத்துக்கொண்டார்.

"வாங்க," என்று முன்னால் நடந்தார்.

தாராபுரத்துக்கு மேற்கே அவருக்கு ஆறு ஏக்கர் கொரங்காடு. மழையை நம்பிய மேய்ச்சல் நிலம். சுற்றிலும் ஆள் உயரக் கிளுவை வேலி, உள்ளே வெள்வேல மரங்கள், முழங்கால் அளவுக்குப் புல். காலையில் போனால் கௌதாரி குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு ஆட்டுக்குக் குறுக்கே நடந்து போவதைப் பார்க்கலாம்.

வீரமாத்திக்கு நாற்பது வயதுதான். ஆறுச்சாமிக்கு ஐம்பத்தெட்டு. ஆனாலும் நிலம் செத்துப்போனவர்கள் எல்லோரும் அவரை அம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். வழி கேட்டு வருகிறவர்களில் பாதிப் பேர் கோபித்துக்கொண்டு திரும்பிப் போவார்கள்.

வேலியோரம் வந்ததும் வீரமாத்தி நின்றார்.

"இதுல பறவைக்கு எந்தக் கிளை, பாம்புக்கு எந்தக் கிளைன்னு காட்டுங்க. பாம்போட கிளைய மட்டும் வெட்டிப்போடலாம்."

ஆறுச்சாமியின் முகம் கறுத்தது.

"விளையாடறீங்களா? என் சம்சாரம் பாம்பு கடிச்சுச் செத்தவ."

"தெரியும்."

"தெரிஞ்சுமா இப்பிடிக் கேக்கறீங்க?"

"தெரிஞ்சதாலதான் கேக்கறேன்."

ஆறுச்சாமி மொபெட்டை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.



ஆறுச்சாமியின் சம்சாரம் ராமாத்தாள் செத்து மூன்று வருடம் ஆகியிருந்தது.

தினமும் விடிந்ததும் வேலியோரம் போய் மண்சட்டியில் தண்ணீர் ஊற்றுவாள். ஒரு கைப்பிடி கம்பு இறைப்பாள். பிறகு அங்கேயே நின்று கொஞ்ச நேரம் ஏதாவது பேசிக்கொண்டிருப்பாள். அப்படி நின்றபோதுதான் கண்ணாடி விரியன் கடித்தது.

காரியம் முடிந்த மறுநாள் ஆறுச்சாமி வேலிக்கு மண்ணெண்ணெய் ஊற்றினார். மூன்று ஏக்கரைச் சுற்றியிருந்த கிளுவை முழுவதும் எரிந்தது. எரியாத தூரை மண் அள்ளும் எந்திரத்தை வைத்துப் பெயர்த்தார். கல்லுக்கால் நட்டுக் கம்பி கட்டினார். சருகைக் கூட்டிக் கொளுத்தினார். புல் தலைகாட்டிய இடத்தில் எல்லாம் மருந்து அடித்தார். ஒரு எறும்பு போனால்கூடத் தெரிகிற அளவுக்கு நிலம் துடைத்துவிட்டதுபோல ஆனது.

துக்கம் கேட்க வந்தவர்களிடம் அவர் சொன்னது ஒன்றுதான். "விரியன் கடிச்சா மனுசன் தப்ப முடியாதுங்க."

அவர்களும் ஆமாம் என்றார்கள்.

அதன் பிறகு காலையில் அந்த நிலத்தில் சத்தமே இல்லாமல் போனது. இட்லியைப் பிட்டு வாயில் போட்டால் தான் மெல்லுகிற சத்தம் தனக்கே கேட்டது. முதல் வருடம் பொறுத்துக்கொண்டார். இரண்டாம் வருடம் ரேடியோ வாங்கினார். மூன்றாம் வருடம் அதையும் நிறுத்திவிட்டு வீரமாத்தியைத் தேடிப் போனார்.

ராமாத்தாள் காலத்தில் காதில் விழுந்துகொண்டிருந்த அந்தச் சத்தம் திரும்ப வேண்டும். அவருக்கு வேறு எதுவும் வேண்டியதில்லை.



கோபித்துக்கொண்டு வந்தவர், தானே செய்து பார்ப்போம் என்று புதுச் சட்டிகள் வாங்கினார். வெட்டவெளியில் பத்து இடத்தில் தண்ணீர் வைத்தார். கம்பு இறைத்தார்.

காக்கை வந்தது. ஒளிய ஒரு புதர்கூட இல்லாத இடத்தில் வேறு எதுவும் இறங்கவில்லை. கம்பு மட்டும் காலியாகிக்கொண்டே இருந்தது.

ஒரு மாதம் கழித்து மறுபடி வீரமாத்தியின் முன்னால் போய் நின்றார்.

"எலிதான் வருது."

"எலி வந்தா அடுத்தாப்ல யார் வருவாங்க?"

ஆறுச்சாமி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"எனக்கு அந்த ஊட்டுல இருக்க முடியலைங்கம்மா," என்றார்.

வீரமாத்தி அரிவாளை எடுத்தார். தன் வேலியிலிருந்து கை கனத்துக்குக் கிளுவைக் குச்சிகளாக வெட்டினார். கட்டாகக் கட்டி மொபெட்டின் பின்னால் வைத்தார்.

"மழைக்கு முன்னாடி நட்டுருங்க."

"பாம்பு?"

"நடுங்க."



ஆடியில் நட்டார். ஆவணியில் துளிர்த்தது.

வீரமாத்தி மாதம் ஒரு தடவை வருவார். வரும்போதெல்லாம் ஆறுச்சாமியின் கையிலிருந்து ஏதாவது ஒன்றை வாங்கிக்கொண்டு போவார்.

முதல் தடவை சருகு கூட்டும் விளக்குமாறு. அடுத்த தடவை களைமருந்து தெளிப்பான்.

மூன்றாம் தடவை அவர் வந்தபோது, கிணற்றுமேட்டில் மண்டை போய் நின்ற மொட்டைத் தென்னையின் அடியில் ஆறுச்சாமி கோடாலியோடு நின்றிருந்தார்.

"அது இருந்துட்டுப் போகட்டுமே."

"செத்த மரமுங்கம்மா."

"யாருக்குச் செத்துது?"

கோடாலியும் போனது.

மார்கழியில் அந்தத் தென்னையில் மரங்கொத்தி பொந்து போட்டது. மாசியில் அதே மரத்தின் இன்னொரு பொந்துக்குள் கிளி தலையை நீட்டிப் பார்த்தது.

அடுத்த வருடம் கிளுவை இடுப்புக்கு வளர்ந்தது. தவிட்டுக்குருவிகள் ஏழெட்டுச் சேர்ந்து வந்து சருகைப் புரட்டின. செம்போத்து வேலிக்குள் நுழைந்து நுழைந்து வெளியே வந்தது. கம்பு விதைக்க உழுதபோது, ஓர் ஆள்காட்டி டிராக்டருக்கு முன்னால் வந்து சிறகை விரித்துக்கொண்டு கத்தியது. ஆறுச்சாமி இறங்கிப் பார்த்தார். கூழாங்கற்களுக்கு நடுவே கூழாங்கல் போலவே நான்கு முட்டைகள். சுற்றிலும் நாலு குச்சி நட்டு, அந்த இடத்தை உழாமல் விட்டுவிட்டார். டிராக்டர்காரர் சிரித்தார். ஆறுச்சாமியும் சிரித்தார். சிரித்த பிறகு, ராமாத்தாள் இல்லாமல் சிரித்துவிட்டோம் என்று அன்று முழுவதும் சாப்பிடவில்லை.

ஒரு காலையில் வேலிக்குள்ளிருந்து ஒரு குரல் கேட்டது. மெல்லிசாக, மூன்று முறை ஏறி ஒரு முறை இறங்குகிற குரல். ராமாத்தாள் இருந்தபோது தினமும் கேட்டது.

வீரமாத்தி வந்தபோது அவரிடம் கேட்டார்.

"இது என்ன குருவிங்கம்மா?"

"உங்க சம்சாரம் இதை என்னன்னு சொல்லுவாங்க?"

"அவ ஒவ்வொண்ணுக்கும் ஒரு பேர் வெச்சிருந்தா. கூப்பிட்டுப் பேசுவா."

"இதுக்கு?"

ஆறுச்சாமி வேலியைப் பார்த்தார்.

"நான் கேட்டுக்கிட்டதில்லைங்க."

வீரமாத்தியும் அந்தக் குருவியின் பெயரைச் சொல்லாமலே போய்விட்டார்.



புரட்டாசியில் ஒரு நாள், வெயில் ஏறுகிற நேரம். சட்டியில் தண்ணீர் ஊற்றக் குனிந்தவர் காதில், குக்கர் ஆவி விடுகிற மாதிரி ஒரு சீறல் விழுந்தது.

கிளுவைத் தூரில் சுருண்டு கிடந்தது. முதுகில் வரிசையாகக் கறுப்பு வளையங்கள். மூச்சு விடும்போது உடம்பு முழுவதும் ஊதி அடங்கியது. அவர் பின்வாங்கியதும் சாவகாசமாக அவிழ்ந்து வேலிக்குள் போனது.

அரை மணி நேரத்தில் அவர் வீரமாத்தியின் வாசலில் நின்றார். மொபெட்டை அணைக்கக்கூட இல்லை.

"வந்துருச்சு."

என்ன வந்தது என்று வீரமாத்தி கேட்கவில்லை.

"என்ன பண்ணப் போறீங்க?"

"கொல்லணும். கிடைக்கலைன்னா வேலியக் கொளுத்தணும். ரெண்டுல ஒண்ணு பண்ணாம நான் தூங்க மாட்டேன்."

"சரி. போய்த் தேடுங்க. நானும் கூட வர்றேன்."

தடுப்பார் என்று நினைத்திருந்தார். தடுக்காதது அவருக்கு என்னமோபோல் இருந்தது.

நிலத்துக்கு வந்ததும் வீரமாத்தி கிணற்றுப் பக்கத்து வேப்பமரத்தடியில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டார். ஆறுச்சாமி நீளமான கம்பு ஒன்றை எடுத்துக்கொண்டு வேலிக்குப் போனார்.

ஒவ்வொரு தூராக விலக்கினார். சருகைக் கிளறினார். பொந்து தெரிந்த இடத்தில் எல்லாம் கம்பை விட்டுக் குத்தினார். செம்போத்து பயந்து பறந்தது. தவிட்டுக்குருவிகள் கூச்சல் போட்டுக்கொண்டே நிலத்தைவிட்டு வெளியே போயின.

ஓரிடத்தில் கம்பு மாட்டிக்கொண்டது. வெடுக்கென்று இழுத்தார். கூடு ஒன்று கீழே விழுந்தது. கண் திறக்காத இரண்டு குஞ்சுகள். ஒன்று அசைந்தது. மற்றது அசையவில்லை.

பார்த்தார். பார்த்துவிட்டு அடுத்த தூருக்குப் போனார்.

சட்டை நனைந்து முதுகில் ஒட்டியது. முள் கிழித்த கையில் ரத்தம் வழிந்தது. எவ்வளவு நேரம் ஆனதென்று அவருக்குத் தெரியவில்லை. பாம்பு கிடைக்கவில்லை.

வேப்பமரத்தடியிலிருந்து குரல் வந்தது.

"ஏனுங்க... போலாமுங்களா?"

கம்பு அந்தரத்தில் நின்றது.

அது வீரமாத்தியின் குரல்தான். அது அவருக்கும் தெரியும். ஆனாலும் அவரால் திரும்ப முடியவில்லை.

"போலாமுங்களா?" என்று மறுபடியும் கேட்டது.

வேலியோரத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

வீரமாத்தி எழுந்து வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ஆறுச்சாமிதான் எழுந்து, கம்பைக் கையில் பிடித்தபடியே மரத்தடிக்கு வந்தார்.

"கடிச்ச அன்னைக்கு அவ இங்கதான் உக்காந்திருந்தா," என்றார்.

"ம்."

"கால நீட்டிக்கிட்டு. நீங்க உக்காந்திருக்கற மாதிரியே. நான் வேலிக்குள்ள கம்போட நின்னேன். ஏனுங்க, போலாமுங்களான்னா. இரு புள்ள, அதக் கொன்னுட்டு வந்தர்றேன்னேன்."

வீரமாத்தி அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

"ரெண்டாம் தடவையும் கேட்டா. கொரல் சின்னதா இருந்துது. இரு புள்ளன்னேன். மூணாந்தடவை அவ கேட்டது எனக்கே சரியாக் கேக்கல. அப்பவும் நான் திரும்பல."

"எவ்வளவு நேரம்?"

"ஒரு மணி நேரத்துக்கு மேல."

இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. வெளியூரில் கட்டிக்கொடுத்த மகளிடமும் சொன்னதில்லை.

"பாம்பு கெடைக்கலீங்க. திரும்பிப் பாத்தா இவ மரத்துல சாஞ்சு கெடக்கறா. காலு வீங்கிப் போச்சு. பல்லுல ரத்தம். அப்பறம்தான் தூக்கிட்டு ஓடுனேன். டாக்டர் வந்து, இன்னுங் கொஞ்சம் முன்னாடியே கொண்டாந்திருந்தான்னு ஆரம்பிச்சாரு. நான் அவரை முடிக்க விடல. வெளிய வந்துட்டேன். மறுநாள் சாயங்காலம் போயிட்டா."

வேலிக்குள் ஏதோ சருகில் ஊர்ந்து போகிற சத்தம் கேட்டது. இரண்டு பேரும் திரும்பிப் பார்க்கவில்லை.

"அம்மா."

"சொல்லுங்க."

"நான் தேடாம இருந்திருந்தா அவ பொழச்சிருப்பாளா?"

வீரமாத்தி நீட்டியிருந்த காலை மடக்கிக்கொண்டார். விதி என்று சொல்லலாம். விரியன் விஷம் அப்படி என்று சொல்லலாம். நான்கு வருடமாக ஊரே அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. ஆறுச்சாமி அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"பொழச்சிருக்கலாமுங்க," என்றார் வீரமாத்தி.

ஆறுச்சாமி தலையாட்டினார். பிறகு கம்பைக் கீழே போட்டார்.